கடைசி அத்தியாயம் எனக்கு ஒப்பவில்லை

1959 ஜூன் 9

சாரல் பிடித்துவிட்டது. துவைத்துப் போட்டது எதுவும் காய்வதில்லை. இவர் கடையை அடைத்துவிட்டு வரும்போது புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். 'புளியரை வண்டி' என்று ஒரு நாவல். எழுதியவர் சுந்தரபாண்டியன். இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. "புதுசா வந்திருக்கு அண்ணாச்சி, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்" என்று நூலகர் சங்கரநாராயணன் கொடுத்தாராம்.

'உங்களுக்கு' என்றால் இவருக்கு. தென்காசிக் கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை இவர் பெயரில் இருக்கிறது. ஜவுளிக்கடை துல்கர்னைன் மாதிரிப் படிக்கிற ஆள் ஊரில் இல்லை என்று பேச்சு. இவர் முழுசாகப் படித்தது துணிப் பார்சலில் ஒட்டியிருக்கும் விலாசங்களை மட்டும்தான். படிக்கிறவள் நான்.

ஜூன் 10

மூன்றாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, இந்த மனுஷனுக்கு எழுத வரும். பால் பொங்கிப் போனது. போகட்டும்.

ஜூன் 12

முடித்தேன்.

செல்லம்மை என்று ஒருத்தி. புருஷன் செத்தபிறகு அவன் ஓட்டிய பார வண்டியைத் தானே ஓட்டுகிறாள், புளியரையிலிருந்து மலையேறி ஆரியங்காவு வரைக்கும். ஏற்றத்தில் மாடு திணறும்போது குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது, மழையில் மூட்டை நனையாமல் தன் சேலையை அவிழ்த்துப் போர்த்துவது — நான் அந்த மலைப்பாதையைப் பார்த்ததில்லை. இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன்.

ஆனால் கடைசி அத்தியாயம்? அண்ணன் வந்து கூப்பிடுகிறான். அழுதுகொண்டே மூக்கணாங்கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு அவன் வீட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறாள். நான் நம்பவில்லை. புத்தகம் முழுக்க மாட்டை அதட்டியவள் கடைசியில் இப்படியா? எழுதியவருக்குக் கை ஓய்ந்துவிட்டது, அதுதான் விஷயம்.

இவரிடம் சொன்னேன். "நல்ல கதை, முடிவு சரியில்லை. அவ்வளவுதானே?" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு புறப்பட்டார். நான் சொல்வதை அங்கே சொல்வார். சங்கரநாராயணன் சொல்வதை இங்கே கொண்டுவருவார். நாலு வருஷமாக இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், முகம் பார்க்காமலே.

ஜூலை 6

இவர் முகம் சரியில்லை. கேட்டதற்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"குத்தாலத்துல ஆகஸ்ட் ரெண்டாந்தேதி வாசகர் கூட்டமாம். அந்தப் புளியரை வண்டிக்காரரு வாராராம். அந்தப் புஸ்தகத்தைப் பத்தி நான் பேசணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். அந்த மனுசன் அவ்வளவு ஆசையாக் கேக்குதாரு, நூரு. எப்படி மாட்டேங்குறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சை நான் எழுதித் தருகிறேன், பத்து நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூலை 20

பேச்சு நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வது?

இவர் கடையில் நின்றபடியே முணுமுணுத்து மனப்பாடம் செய்கிறார். நேற்று ஒரு அம்மாளுக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டே 'கணவாயின் இருட்டு' என்று சொல்லிவிட்டாராம். அது எந்த மில் துணி என்று அவள் கேட்டாளாம்.

ஜூலை 31

நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெண்களுக்குத் தனி வரிசை உண்டாம். பக்கத்து வீட்டு ஷமீம் பானு துணைக்கு. அருவி பார்க்கப் போகிறோம் என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அருவி வேண்டாம். அந்தப் பாதையை எழுதிய ஆளைப் பார்க்கவேண்டும்.

ஆகஸ்ட் 3

நேற்று நடந்தது.

மண்டபம் முழுக்க ஈரத்தலைகள், எண்ணெய் வாசனை. குளித்துவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். சுந்தரபாண்டியன் என்றால் பெரிய மீசையும் உரத்த குரலுமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். யாராவது புகழ்ந்தால் தரையைப் பார்க்கிறார்.

இவர் பேசினார். ஒரு வார்த்தை பிசகவில்லை. 'இது செல்லம்மை எடுத்த முடிவு அல்ல, ஆசிரியர் எடுத்த முடிவு' என்று என் கடைசி வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுந்தரபாண்டியன் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னது எனக்குச் சுட்டுட்டு. ஒண்ணு கேக்கேன். அவ வேற என்ன செஞ்சிருப்பாங்கிறீங்க?"

அதற்கு நான் எழுதித் தரவில்லையே. இவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எதையாவது சொல்லுங்களேன் மச்சான், எதையாவது —

"எனக்குத் தெரியாது" என்றார் இவர். "நான் இந்தப் புஸ்தகத்தைப் படிக்கலை. எந்தப் புஸ்தகமும் படிச்சதில்லை. படிக்கிறது, பேசுறது எல்லாம் எங்க வீட்லதான். அந்தா, மூணாவது வரிசையில இருக்கா. அவகிட்ட கேளுங்க."

சிரித்தார்கள். பிறகு எல்லாத் தலையும் திரும்பியது. சங்கரநாராயணன் வாயைத் திறந்தபடி நின்றார். ஷமீம் தொடையில் கிள்ளினாள். "எந்திரிட்டி."

துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்.

"வேற என்ன செஞ்சிருப்பான்னு எனக்கும் தெரியாது. ஆனா மாடு ஏன் நொண்டுச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. அவ ஏன் போனான்னு ஒரு வரி இல்ல."

"அது கதையில்லம்மா" என்றார் மெதுவாக. "செல்லம்மை எங்க அம்மா. அவ அப்படித்தான் போனா."

உட்கார் என்பதுபோல எல்லோரும் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.

"ஏன் போனாங்கன்னு கேட்டிருக்கீங்களா?"

தரையைப் பார்த்தார். "இல்ல."

"இப்ப இருக்காங்களா?"

"இலத்தூர்ல இருக்கா."

"அப்ப கேக்கலாம்லா."

உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஷமீமோடு உட்கார்ந்தேன். தென்காசியில் இறங்கும்போது இவர் கேட்டார்: "நான் சரியாப் பேசுனேனா?"

ஆகஸ்ட் 7

கடைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் கேலி. "விலையை நீங்க சொல்லுவீங்களா, வீட்ல கேட்டுச் சொல்லுவீங்களா?" என்று ஒருவன். இவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்தானே காரணம்? நல்லா எழுதிட்டோம்னு ஒரு துள்ளல். அந்த மனுசன் அங்கன நிக்க வேண்டியிருக்குமேன்னு ஒரு நிமிசம் நெனைச்சேனா? இனிமே புஸ்தகமே வேண்டாம்னு சொல்லிட்டேன்.

"வேண்டாம்னா? அப்பம் நான் சங்கரநாராயணன்கிட்ட போயி என்னத்தைப் பேச?" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு புது உறுப்பினர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். என் பெயர் போட்டிருந்தது. நூர்நிஷா. எழுத்துப் பிழை இல்லாமல்.

அக்டோபர் 25

காலையில் இவர் கடையிலிருந்து ஆள் அனுப்பினார், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று. போனேன். சுந்தரபாண்டியன் ஓரமாக நிற்கிறார். நடுவே, கனத்த உடம்போடு ஒரு அம்மாள், விரித்துப் போட்ட சேலைகளுக்கு மத்தியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"இவதானா, என்னைக் கேக்கச் சொன்னவ?"

அவர் அம்மா. பெயர் உலகம்மையாம். என் செல்லம்மை. கும்பிடுவதா, சலாம் சொல்வதா என்று தெரியாமல் நின்றேன்.

"இவன் வந்து கேட்டான். எனக்கு ஒரே சிரிப்பு. அலுத்துப் போச்சுளா, அதான். அத்தனை வருசம் ராத்திரியில கண்ணசரல. மாட்டுக்கு முந்தி நான் விழுந்திருவேன்போல இருந்துச்சு. அண்ணன் வந்து 'போதும்ளா, வா'ன்னான். வண்டியைக் குடுத்துட்டுப் போயிப் படுத்தேன். மறுநாப் பொழுதடைஞ்சுதான் எந்திரிச்சேன். அப்படி ஒரு தூக்கம்."

மகனைப் பார்த்தாள். "நான் அழுதேன்னு எழுதி வச்சிருக்கானாம். நான் எங்கன அழுதேன்?"

அவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். அவள் தோற்றுப்போனாள் என்று அவர் எழுதினார். தோற்றிருக்கமாட்டாள் என்று நான் வாதாடினேன். அவளுக்காக நாங்கள் இரண்டு பேரும் மாய்ந்து மாய்ந்து வருத்தப்பட்டிருக்கிறோம். அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

என் கட்சியும் தோற்றதுதான். ஆனால் கேட்கச் சொன்னது நான். அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மகன் காட்டிய எந்தச் சேலையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கிளிப்பச்சையில் ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டாள்.

1960 மே 14

'புளியரை வண்டி' மறுபடி அச்சாகிறதாம். சங்கரநாராயணன் என்னிடமே சொன்னார், நேருக்கு நேர்.

1961 பிப்ரவரி 18

சனிக்கிழமை. நூலகத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடினோம். ஷமீம் வாங்கிப்போன நாவலை மூன்று பேர் சேர்ந்து பேசிக் கிழித்தார்கள். நான் எழுதியவர் பக்கம் பேசினேன், ஒரு மாறுதலுக்கு.

புறப்படும்போது சங்கரநாராயணன் புதிய பதிப்பை எடுத்துத் தந்தார். கடைசி அத்தியாயம் முழுக்க மாற்றி எழுதப்பட்டிருக்கிறதாம். வழியில் பிரித்துவிடக்கூடாது என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இவர் கையை நீட்டினார்.

"நீதான் ஒரு தடவை படிச்சிட்டியே. நான் மொதல்லயிருந்து வாரேன். நீ முந்திக்கிட்டு முடிவைப் படிச்சிராத."

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர். விளக்கு வைத்தாயிற்று. வரிக்கு மேல் விரலை வைத்து, உதட்டை அசைத்து, நாலாம் பக்கத்தில் இருக்கிறார். செல்லம்மை இன்னும் மாட்டைப் பூட்டக்கூட இல்லை.

நான் அவசரப்படுத்தவில்லை.