படகில் எதற்கெல்லாம் இடம்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. படூர் வீட்டு பால்கனியிலிருந்து எதிர் பிளாக்கே தெரியவில்லை. லீவு போட்டுவிட்டு, அளக்கிற டேப் எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம்.

பழைய கேபின் படகு. வாங்கி ஒரு மாதம். மணலில் ஏற்றி வைத்திருக்கிறது. மகள் ஹாஸ்டல் போனபின் வீட்டில் நானும் கோமதியும்தான். வாரத்தில் மூன்று நாள் கழிமுகத்தில் படகிலேயே இருப்பது, ஆபீஸ் வேலையும் அங்கிருந்தே. இதுதான் திட்டம். கோமதி சொன்னது: "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். பாத்துட்டுதான் வர்றேனா இல்லையான்னு சொல்வேன்."

அவள் வராவிட்டால் எனக்குப் படகே வேண்டாம். இதை அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, தெரியவில்லை.

கேபின் உள்ளே நீளம் 7 அடி, அகலம் 5½. இரண்டு பக்கமும் ஆள் படுக்கிற பெஞ்ச். நடுவில் ஒருவர் நடக்கலாம், தொப்பை இல்லாதவர்.

வைக்க வேண்டியவை:
பேட்டரி 2 (பிணக் கனம்)
இன்வெர்ட்டர்
கம்ப்யூட்டர், பெரிய மானிட்டர்
ரவுட்டர்
ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் மெஷின்
பிரின்டர்??

எங்கே? தலை சுற்றுகிறது.

5, வியாழன்

வீட்டிலிருந்தே மீட்டிங். என்ன பேசினார்கள், தெரியாது. மத்தியானம் ஹாலில் சாக்பீஸால் கேபின் அளவுக்குக் கோடு போட்டு, சாமானுக்குப் பதில் அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தேன். ஆறு விதமாக வைத்தாயிற்று. ஏழாவது விதம் முதல் விதமேதான்.

கோமதி காபியோடு வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள். "உள்ள வரலாமா?"

"இரு இரு, ரவுட்டர மிதிச்சிடாத."

சிரித்தாள். காபியை டைனிங் டேபிளில் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் சாயங்காலம் வரை பேச்சில்லை. என்ன கோபம்? கேட்டால் "ஒண்ணுமில்லயே". மண்டை காய்கிறது.

6, வெள்ளி

வெயில். அரை நாள் பர்மிஷன். பைபர் படகு ரிப்பேர் செய்கிற ஏழுமலை வந்தார். ஞாயிறு ஓட்டப்போவதும் அவர்தான்.

பெஞ்சுக்கு அடியில் பேட்டரி நுழையவில்லை. நான்கு விரற்கடை இடிக்கிறது. சரி, இடது பெஞ்சின் மேல்பலகையைக் கழற்று. பேட்டரி, இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அங்கே. அதற்கு மேலே மானிட்டருக்கு ஒரு பலகை. அப்பாடா.

"இன்னா சார், ரெண்டு பேரு இருக்கறதுன்னீங்க?"

"அது அப்புறம் பாக்கலாம் ஏழுமலை."

பலகை மட்டமாக நிற்கிறதா பார்க்க ரசமட்டம் எடுத்தேன். ஏழுமலை தயங்கி இழுத்தார். "சார், படகு மணல்ல வலது பக்கமா சாஞ்சிகினு கீது. தண்ணில எறக்கிட்டு அடிச்சிக்கலாமே."

"யோவ், ரசமட்டம் பொய் சொல்லுமா?"

தலையைச் சொறிந்துகொண்டே ஓட்டை போட்டுக் கொடுத்தார். எட்டு ஸ்க்ரூ. குமிழி நட்ட நடுவில். இத்தனை வருஷம் ஆபீஸுக்கு சர்வர் ரூம் போட்டவனாக்கும்!

எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது. பிரின்டர் உட்பட. வலது பெஞ்சில், தலைமாட்டில்.

8, ஞாயிறு

காற்று லேசாக. கோமதி ஒரு துணிப்பையோடு வந்தாள். ஏழுமலை நாலு பேரைக் கூட்டிவந்து படகைக் கழிமுகத்தில் இறக்கினார்.

தண்ணீரில் படகு நிமிர்ந்தது. என் பலகை சாய்ந்தது. மணலில் சாய்ந்து நின்ற படகுக்குள் ரசமட்டம் வைத்தால் வேறென்ன ஆகும். முட்டாள். அது போதாதென்று பேட்டரி கனம் வேறு, மொத்தப் படகும் மெல்ல இடதுபக்கம் இறங்கியது. மானிட்டர் வழுக்கியது. கோமதிதான் பாய்ந்து பிடித்தாள்.

வலது பெஞ்சில் நான், மடியில் பிரின்டர், மீதி இடமெல்லாம் மற்ற மெஷின்கள்.

"அம்மா, நீங்க வலது பக்கமா வந்து நில்லுங்க. வெயிட் சமமாவும்," என்றார் ஏழுமலை.

நின்றாள். ஒரு கையில் மானிட்டரின் ஒயர், ஒரு கை கம்பியில், பை தோளில். கழிமுகத்தைச் சுற்றி வந்த முக்கால் மணி நேரமும். என் சாமானுக்கு எடைக்கல்லாக. நான் ரவுட்டரில் சிக்னல் எத்தனை புள்ளி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில் இறங்கிச் செருப்பு மாட்டும்போது கேட்டேன், "எப்படி?"

"நல்லா இருக்கு. எல்லாத்துக்கும் எடம் வச்சிருக்கீங்க."

வருகிறாளா இல்லையா? சொல்லவில்லை. கேட்கப் பயம்.

வீட்டில் கதவுக்குப் பின்னால் அந்தப் பை. திறந்தேன். புது உறை போட்ட தலையணை இரண்டு. ஸ்டீல் டம்ளர் இரண்டு. கறிவேப்பிலை வாசனையோடு ஒரு டப்பா பருப்புப்பொடி. படகில் அதை வெளியே எடுக்கவே இல்லை அவள்.

அவமானமாக இருக்கிறது. செவ்வாயன்று எழுதிய பட்டியலைப் புரட்டினேன். பிரின்டர் இருக்கிறது. கோமதி இல்லை.

9, திங்கள்

மறுபடி லீவு. மேனேஜர் திட்டினார். திட்டட்டும்.

திருத்திய பட்டியல்:
கோமதி: இடது பெஞ்ச், முழுசாக
நான்: வலது
லேப்டாப்: என் மடி
ரவுட்டர்: ஆணியில்
பேட்டரி ஒன்று: பின்னால், வெளியே, மூடிபோட்ட பெட்டியில்
மற்றதெல்லாம்: வீடு

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு, அந்தத் துணிப்பையையும் தூக்கினேன். கோமதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க?"

"படகுக்கு. பெஞ்சத் திரும்ப மாட்டப் போறேன். நீ வரலைன்னா எனக்கு அந்தப் படகே வேணாம் கோமதி."

அடுப்பை அணைத்தாள். வந்து பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும். மொதல்ல மாட்டிட்டு வாங்க."