விசிறிக்கு நீ போட்ட ஒட்டு

இன்று காலை, நிரல்களைத் தொகுக்கும் பில்ட் பாதியில் நின்றுவிட்டது. ஒரு பேட்ச் ஒட்டவில்லை என்று திரையில் சிவப்பாக வந்தது. கோப்பைத் திறந்தேன், மேலே உன் பெயர் இருந்தது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நம் ஃபர்ம்வேரில் உன் பெயரோடு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

நம் வேலையை வெளியே யாருக்கும் எனக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெரிந்ததில்லை. உனக்குத் தெரியும். ஃபெரியில் பட்டர்வொர்த்துக்கு நான் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று உன் அம்மா கேட்டார். நீ தோசையைப் புரட்டிக்கொண்டே சொன்னாய்: "பெரிய மெஷின் தூங்குனாலும் உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் முழிச்சிருக்கும்மா. சூடு பாக்கும், ஃபேன் சுத்துதான்னு பாக்கும். ஜாகா மாதிரி காவல் நிக்கும். அந்த ஜாகாவுக்கு வேல சொல்லிக் குடுக்குறோம்."

"ஜாகாவுக்கா பாயான் லெப்பாஸ்ல அவ்ளோ பெரிய ஆபீஸ்?" என்றார் அம்மா.

அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்கான நிரல்தான் ஃபர்ம்வேர். யாரோ எழுதிப் பொதுவில் வைத்த லினக்ஸை எடுத்து, வாடிக்கையாளரின் சர்வர் பலகைக்குத் தக்கபடி வெட்டித் தைக்கிறோம். பொதுவில் இல்லாததை நாமே எழுதி மேலே ஒட்டுகிறோம். அந்த ஒட்டுதான் பேட்ச். எழுதியவர் பெயர் அதன் தலையில் இருக்கும்.

இந்தப் பேட்ச் எப்படி வந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சோதனை அறையில் ஒரு பலகையில் வெப்பம் அளக்கும் சென்சரின் ஒயர் கழன்றிருந்தது. பதில் வராததை நம் நிரல் பூஜ்யம் டிகிரி என்று எடுத்துக்கொண்டு, ஜில்லென்று இருக்கிறதே என்று விசிறிகளை அடக்கிவிட்டது. கருகும் வாசம் வந்ததும் நீதான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாய். சென்சர் பேசாவிட்டால் விசிறிகள் முழு வேகத்தில் ஓடட்டும் என்று அன்றே எழுதினாய். வாடிக்கையாளருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. எடுத்துவிடச் சொன்னார் மேலாளர்.

"சத்தம்னா காதப் பொத்திக்கலாம் பாஸ். சூட்டுக்கு எதப் பொத்துறது?" என்றாய். அவர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நமக்குள் சண்டை வந்ததெல்லாம் வேறு விஷயத்தில். புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய பேட்ச்களை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சுமந்துகொண்டே வருவேன். நீ ஈவிரக்கமில்லாமல் அழிப்பாய். "அதான் பொதுவுலயே வந்திருச்சில்ல, அப்புறம் ஏன்டி கட்டிக்கிட்டு அழுவுற?" என்பாய். நீயே எழுதியவற்றையும் அப்படித்தான் அழித்தாய்.

மருத்துவமனையில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது கட்டிலுக்கு மேல் விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "இதுக்கு யாருலா ஃபர்ம்வேர் எழுதுனது?" என்றாய். சிரித்தேன். அழுதிருக்கலாம், நமக்குள் அது பழக்கமில்லை.

பேட்ச் ஏன் ஒட்டவில்லை என்று இன்று தேடிப் பார்த்தேன். லினக்ஸின் புதிய பதிப்பில் வேறு யாரோ அதே வேலையைச் செய்திருக்கிறார்கள். பக்கத்து மேசை சரவணன், "அப்ப இது வேணாம்தானே அக்கா?" என்றான். சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உன் பேட்ச் இல்லாமல் பில்ட் செய்து, பலகையில் ஏற்றி, சென்சர் ஒயரைப் பிடுங்கினேன். விசிறிகள் அடங்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவர்கள் எழுதியது தப்பாக இருக்கட்டும், உன் பெயர் இன்னும் ஒரு பதிப்புக்குத் தங்கட்டும் என்று. ஒரு சோதனை தோற்க வேண்டும் என்று நான் இதுவரை விரும்பியதேயில்லை.

விசிறிகள் முழு வேகத்தில் இரைந்தன.

"அவங்க பேர ப்ரோகிராமுக்குள்ள ஒரு கமெண்ட்லயாவது வச்சிருவோமா அக்கா?" என்று தயங்கிக் கேட்டான் சரவணன். வேண்டாம் என்றேன். கோப்பை அழித்தேன். பில்ட் பிழையில்லாமல் முடிந்தது.

நீ இருந்திருந்தால், இப்பவாச்சும் புத்தி வந்துச்சே என்று சொல்லி தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டிருப்பாய். செய்தது சரி என்று எனக்கும் தெரிகிறது. ஆனாலும் கஷ்டமாக இருக்கிறது. எந்தப் புதுப் பலகை வந்தாலும், யாரும் கேட்காமலே முதலில் அந்த ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிறேன். உன் பெயர் எதிலும் இல்லாத சர்வர்களுக்கும் இனி அப்படித்தான் செய்வேன்.