புதுமனையில் திரைந்த பால்

14 மார்ச் 2006, செவ்வாய்

நான் கொடுத்த மிச்சப் பாலைக் கெடுத்தவை கிருமிகளே என்று ஆய்வுக்கூட நண்பர் இன்று தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். பதப்படுத்திய பாலிலும் அவை புகுந்து, குளிர்ப்பெட்டிக்குள்ளேயே பெருகுகின்றன. போதிய கூட்டம் சேரும்வரை தமக்குள் சமிக்ஞை அனுப்பிக் காத்திருந்து, பிறகே பாலைக் கெடுக்கும் நொதியைச் சுரக்கின்றன என்றார்.

லண்டன் செவன் கிங்ஸில் தங்கை வசந்தி புதுவீடு புகுந்தபோது காய்ச்சிய பால் அது. நல்லநாள் பார்த்து ஒரு கிழமை முன்பே வாங்கி வைத்தவர் அவளுடைய மாமியார். திரைந்ததும், மருமகளின் ராசி என்றுவிட்டார்.

நண்பர் சொன்னதை வசந்தியிடம் சொன்னேன்.

"மாமியிட்ட ஆர் சொல்லுறது, அண்ணை? பால் பழசெண்டா அதுக்கும் என்ர ராசிதான்."

எழுத்துமூல அறிக்கை வெள்ளிக்கிழமை வரும். ராசியில்லாதவள் என்று மாமியார் வீட்டார் அவளை வியாழனன்றே என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.