இடிக்கு ஒதுங்காத ஆட்டக்காரர்

அண்ணை,

என் சட்டையில் இன்னும் ஈரப்புல் வாசம் போகவில்லை. இன்று பின்னேரம் இந்த டென்மார்க்கின் வைலே நகரப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். கோல்ஃப் மைதானத்தின் நடுவில் தனியாக நின்று உங்கள் மகள் தடியை ஓங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த மைதானத்தில் ஒன்றாகப் புல் வெட்டத் தொடங்கியவர்கள் நாங்கள். நீங்கள் தடியைப் பிடித்து ஆட்டக்காரர் ஆனீர்கள். நான் இயந்திரத்திலேயே இருந்துவிட்டேன். உங்களுக்கு வாய்த்த குருவோ நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அமெரிக்கர். கோல்ஃபைத் தொழிலாக எடுத்த முதல் ஆட்களில் ஒருவர். பணக்காரரின் பை தூக்கி, பார்த்துப் பார்த்தே பழகி, கிண்ணம் வென்ற பிறகும் காசுக்கு ஆடுகிறவர் என்று கிளப்பின் முன்வாசலால் உள்ளே விடப்படாதவர். சாப்பாட்டு நேரம் முழுக்க அவர் கதைதான்.

"மழைக்கு ஒதுங்கியிருந்தா அவன்ரை பேர் இண்டைக்கு ஆருக்குத் தெரியும்?" என்பீர்கள்.

"எனக்கு இப்பவும் தெரியாது, அண்ணை" என்பேன்.

அமெரிக்கர் கதை பரவாயில்லை. போர்க்காலச் செல்லடிக்குள் வளர்ந்த எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. வெடித்த சத்தம் காதில் விழுந்தால் அந்தச் செல்குண்டு வேறெங்கோ விழுந்துவிட்டது, நாங்கள் தப்பிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் அது சரி. நீங்கள் இடிக்கும் அதே கணக்கைப் போட்டீர்கள். முதல் முழக்கத்துக்கே டேனிஷ்காரர் கட்டடத்துக்குள் ஓட, நீங்கள் நின்று சிரிப்பீர்கள்.

"சத்தம் கேட்டிட்டுதெல்லே, இனி என்ன பயம்?"

உங்கள் கடைசி நாளன்றும் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. "வாங்கோ அண்ணை, விளையாடாதேங்கோ" என்று கொட்டில் வாசலில் நின்று கத்தினேன். கையை மட்டும் அசைத்தீர்கள். அடுத்த இடி எனக்குக் கேட்டது. உங்களுக்குக் கேட்டிருக்காது.

அந்தப் பாழாய்ப்போன கணக்கை மகளுக்கும் பழக்கிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். இன்று சங்கு ஊதியதும் எல்லோரும் ஓடினார்கள், அவள் அசையவில்லை. திறந்த புல்வெளிக்குள் நான் ஓடினேன். மேலே இடி உறுமிக்கொண்டே இருந்தது. நாளைக்குத் தொழில்முறை ஆட்டக்காரியாகத் தனக்கு முதல் போட்டி, இன்னும் ஒரு பந்துதான் என்று டேனிஷில் சொன்னாள். தடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

உள்ளே வந்ததும் எல்லோருக்கும் முன்னால், "நீங்க என்ரை அப்பா இல்லை, சித்தப்பா" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

"ஓம் பிள்ளை, இல்லைத்தான்" என்றேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, அண்ணை. அவள் என்னோடு கதைக்காமல் இருக்கட்டும். உயிரோடு இருந்துகொண்டு கதைக்காமல் இருக்கட்டும். நாளைக்கும் இடி முழங்கும் என்று வானிலையில் சொல்கிறார்கள். நாளைக்கும் நான் அந்தப் புல்லுக்குள் போவேன்.