புள்ளிக்குப் பின்னால் ஒரு கிணறு

அண்ணா,

இன்று காலை உங்கள் மோட்டார் அறையைத் திறந்தேன். கிரீஸும் கருகிய செம்புக் கம்பியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ஒன்பது வருஷமாக அந்தப் பூட்டை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவள் நான். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். எனக்கு அந்த வாடையோடு வந்தது கோபம்தான். அதையே எழுதுகிறேன்.

அப்பாவின் நிலம் ஒரு ஏக்கர். நூறு சென்ட். நீங்கள், அக்கா, நான் என்று மூன்று பேர். பாகம் பிரித்த அன்று ஆதாரப் பத்திரம் எழுதுபவரின் அறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் நூறை மூன்றால் வகுத்து கால்குலேட்டரை உங்களிடம் நீட்டினார். 33.3333333 என்று கண்ணாடி முழுக்க மூன்றுகள். நீங்கள் அதை எங்கள் பக்கம் திருப்பினீர்கள்.

"பாரு அம்மிணி, இது முடியவே மாட்டேங்குது. புள்ளிக்கு அந்தாண்ட இருக்கறத எவன் அளந்து கல்லு நடுவான்? ஆளுக்கு முப்பத்து மூணு. மிச்சம் ஒரு சென்ட்டு எம் பேர்ல கெடக்கட்டும்."

"அந்த ஒரு சென்ட்டு எதுங்ணா?" என்று அக்கா கேட்டாள்.

"கெணத்தடிதான். ஆரு பேர்ல இருந்தா என்ன, தண்ணி எல்லாத்துக்குந்தான?"

கையெழுத்துப் போட்டோம். அக்கா அதிகம் படிக்காதவள், அவளை விடுங்கள். நான் இந்த மலையாள நாட்டு அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழில் கணக்கு எடுப்பவள். அரை என்றால் 0.5, கால் என்றால் 0.25, முக்கால் என்றால் 0.75 என்று வருஷா வருஷம் பலகையில் எழுதுபவள். மூன்றில் ஒன்று தசமத்துக்குள் அடங்காது, எந்த இடத்தில் நிறுத்தினாலும் கொஞ்சம் வெளியே நிற்கும் என்று தெரிந்தவள். அந்தக் கொஞ்சத்தில்தான் கிணறு இருக்கிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். பொய். உறைத்தது. கூடப் பிறந்தவரிடம் மூன்றில் ஒரு சென்ட்டுக்கு வாதாடுவதா என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் நீங்கள் மோட்டார் அறை கட்டிப் பூட்டினீர்கள். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. என் வீட்டுக்காரர் உங்கள் வாசலில் போய் நின்றார். "ஊத்து கம்மியா இருக்குதுங்க மாப்ள, நாளைக்குப் பாக்கலாம்" என்றீர்கள். மறுநாளும் அதையே சொன்னீர்கள். உங்கள் தென்னைகள் பச்சையாக நின்றன. என் வெண்டைச் செடிகள் பூவோடு கருகின. அக்காவின் நெல், கதிர் பிடிக்கும் முன்பே வைக்கோலாயிற்று. அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த நிலம் ஒன்றுதான். இரண்டு கோடை பார்த்துவிட்டு, "நீங்களே ஓட்டிக்கங்ணா" என்று உங்களிடமே விட்டுவிட்டு, தேவிகுளம் பக்கம் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனாள். ஐம்பது வயதில், அந்தக் குளிரில். "அவளாப் போனா நானென்ன பண்ணறது?" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள்.

போன வருஷம் ஒருநாள் வகுப்பில் காகிதப் பட்டை ஒன்றை மூன்றாக மடித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் 0.33 என்று எழுதினேன். முன் பெஞ்சில் ஒரு பெண் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், மூணையுங் கூட்டுனா 0.99 தான் வருது. மிச்சத்த ஆரு எடுத்தாங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பலகையை அழித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக உங்களிடம் வந்தேன். நீங்கள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணா, கெணத்துல எனக்கு மூணுல ஒண்ணு, அக்காளுக்கு மூணுல ஒண்ணு. எழுதிக் குடுங்க."

"ஸ்கூல் கணக்க ஊட்டுக்குக் கொண்டுட்டு வராத அம்மிணி."

"ஸ்கூல் கணக்குல மிச்சத்துக்குப் பதில் சொல்லோணுங்ணா."

நீங்கள் தவிட்டில் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினீர்கள். இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த இடத்தில் எல்லோரும் அழுதார்கள். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் என் பையையும் சேர்த்துச் சுமந்தவர் நீங்கள். அது நினைவுக்கு வந்தால் கோபம் இன்னும் ஏறுகிறது. அந்நியன் எடுத்திருந்தால் வழக்குப் போட்டிருப்பேன்.

உங்கள் மகன் உங்களைப் போல இல்லை. நிலங்களை மறுபடி அளக்கும் ரீசர்வே வந்தபோது அவனே என்னைத் தேடி வந்தான். "அப்பா செஞ்சது சரியில்லீங்கத்தை. கெணத்த மூணு பேருக்கும் எழுதிக்கலாம்" என்றான். புது ஆதாரம் பதிந்து எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மலையாளப் பெண் அந்த ஒரு சென்ட்டுக்கு 0.33 என்று மூன்று தடவை அடித்தாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

"டீச்சரே, இதுல மூணுல ஒண்ணுன்னு எழுத முடியாது. மொத்தம் ஒண்ணு வரணும். 0.01 யாருக்குப் போடட்டும்?"

"அத்தைக்கே போடுங்க" என்றான் உங்கள் மகன்.

நாலு சதுர அடிக்குச் சற்று மேல். அதற்கு எனக்கு ஆசை வந்தது அண்ணா. எனக்குச் சேர வேண்டியதுதான், இத்தனை வருஷம் அலைந்ததற்கு இதுவாவது என்று ஒரு கணம் தோன்றியது. அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கும் இப்படித்தான் தோன்றியிருக்கும். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

"எங்கக்கா பேருக்குப் போடுங்க" என்றேன்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். "நாலடிய வெச்சு நானென்ன பண்ணறது?" என்றாள்.

"நிக்கலாங்க்கா. ஆரையுங் கேக்காம நிக்கலாம்."

நேற்று மூட்டையோடு வந்து இறங்கினாள். இன்று காலை நான் பூட்டைத் திறந்தேன், அவள் சுவிட்சைப் போட்டாள். வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அவள் உங்களுக்காக அழுதாள். நான் அழவில்லை.

இப்போதும் அரையும் காலும் முக்காலும் சொல்லித்தருகிறேன். மூன்றில் ஒன்று வரும்போது மட்டும் குரல் உயர்ந்துவிடுகிறது. 0.33 என்று எழுதினால் பக்கத்தில் 'ஏறக்குறைய' என்று எழுத வேண்டும், மிச்சம் எவ்வளவு, அது யாருக்குப் போனது என்றும் எழுத வேண்டும் என்கிறேன். புத்தகத்தில் இப்படி இல்லையே டீச்சர் என்கிறார்கள் பிள்ளைகள். இல்லைதான். எழுதாதவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, அண்ணா.