ஐந்தரைக்கு மூடும் நாடு

ஜூன் 4, வியாழன்

வெளிநாட்டுப் பயணிகள் எண்ணிக்கை இந்த மாதமும் இறங்கியிருக்கிறது. தொடர்ந்து மூன்றாவது வருஷம். சுற்றுலாத் துறையில் நான் இருப்பது புகார்ப் பிரிவு. எனக்கென்ன வந்தது என்று விட்டுவிடலாம், அக்கா மட்டும் இல்லையென்றால்.

மத்தியானம் போன் செய்தாள். மலையடிவாரத்தில் அவள் நடத்தும் விடுதியின் ஆறு அறைகளில் நான்கு பூட்டியே கிடக்கின்றனவாம். உரக் கம்பெனிக்காரர்கள் கட்டடத்தைக் குடோனுக்குக் கேட்கிறார்களாம். மாமா தலையாட்டிவிட்டாராம். "செப்டம்பர் முடிய பாக்கறேன்னு சொல்லியிருக்கேன்டி. அதுக்கப்புறம் உர மூட்டைதான்," என்றாள். அழவில்லை. அவள் அழாமல் பேசினால்தான் எனக்குப் பயம்.

பதினெட்டு வருஷம் அவள் கட்டிக் காத்த இடம். ஜன்னல் திரைகளைக்கூட அவளே தைத்தாள்.

ஜூன் 5

இன்றும் கடைசியாகக் கிளம்பியது நான்தான். விளக்கு, விசிறி எல்லாம் பார்த்து, ஐந்தரைக்கு மெயின் சுவிட்சை அணைத்து, சாவியைக் காவலாளியிடம் கொடுத்தேன். பழைய கட்டடத்தில் மின்கசிவில் கோப்புகள் எரிந்த பிறகு வந்த விதி இது. புதுக் கட்டடத்துக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட நான் மறந்ததில்லை. மின்சாரச் சிக்கனத்துக்காகப் போன வருஷம் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஜூன் 10, புதன்

"ஏன் அவங்க வரமாட்டேங்கறாங்க?" என்று இயக்குநர் அம்மா கூட்டம் போட்டார்.

ஆளுக்கொரு காரணம். டாக்சிக்காரர்கள் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். கழிவறைக்குள் கால் வைக்க முடியவில்லை. கொசு. நேரடி விமானம் இல்லை. பக்கத்து நாட்டுக்காரன் கெட்டிக்காரன். என் பிரிவுத் தலைவர் மட்டும் வழக்கம்போல "பார்க்கலாம்" என்றார். அவருக்கு அலுவலகம் வைத்த பெயரும் அதுதான். கடைசியில் விளம்பரப் படம் எடுப்பதென்று முடிவாயிற்று. ஒன்றரை நிமிஷம். அதில் ஓர் அருவி கொட்டுமாம். அந்த அறையில் இருந்த பதினோரு பேரில் ஒருவர்கூட அந்த அருவியைப் போய்ப் பார்த்ததில்லை.

ஜூன் 14, ஞாயிறு

அக்காவின் விடுதியில் சாப்பாடு. அங்கே ஒரு வெளிநாட்டுப் பெண் தங்கியிருக்கிறாள். பாலம் கட்ட வந்த இஞ்சினியர். இரண்டு வருஷமாக இங்கே இருப்பதால் நம் பாஷையைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறாள். என் வேலை என்னவென்று தெரிந்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"என் தங்கச்சி இங்க வரணும். மூணு தடவை விசா பாரம் போட்டா. திறக்கல. உங்க நாடு எப்பவும் மூடியிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. விருந்தாளியிடம் சண்டை போடவா முடியும்? "இப்பவே காட்டறேன்," என்று என் போனில் விசா விண்ணப்பப் பக்கத்தைத் தட்டினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "இங்க சிக்னல் அப்படித்தான்," என்றார் மாமா, என் மானத்தைக் காப்பாற்ற. ஆனால் அவர் போனில் ஒருவன் ஜம்மென்று மீன் வெட்டிக்கொண்டிருந்தான், ஒரு நொடி நிற்காமல்.

ஜூன் 15

காலை பத்து மணி. பக்கம் உடனே திறந்தது. அப்படியானால் நேற்று?

ஜூன் 16, செவ்வாய்

பழைய புகார்களை எடுத்தேன். "விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை" என்று மட்டும் மூன்று வருஷத்தில் நானூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: "சரிபார்க்கப்பட்டது. பக்கம் நன்றாக இயங்குகிறது." கீழே என் கையெழுத்து. பொய் இல்லை, ஒவ்வொன்றையும் நானே திறந்து பார்த்துத்தான் எழுதினேன். காலையில், டீ குடித்த கையோடு.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பார்த்தேன். திறக்கவில்லை.

ஜூன் 17

கம்ப்யூட்டர் பிரிவு வேறு கட்டடத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர் போன வருஷம் வந்தவர். "அந்தப் பக்கத்தோட மெஷின் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"உங்க ஆபீஸ்லதான மேடம். ரெக்கார்டு ரூம்ல. குடிவந்தப்போ தற்காலிகமா வெச்சதாம், அப்படியே விட்டுட்டாங்க. இங்க இருந்து நான் பாக்கறப்பல்லாம் பச்சையா நல்லாத்தான் ஓடுது."

அவர் பார்ப்பதும் பத்திலிருந்து ஐந்துக்குள்தான்.

மூன்றாவது அலமாரிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன்மேல் யாரோ பிளாஸ்க் வைத்திருந்தார்கள். பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தேன். வாசல் பக்கம் வந்து நின்றது. அந்தச் சுவிட்சை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

ஐயோ. நான்தான். வேற யாரும் இல்ல. தினமும் சாயங்காலம், அப்புறம் சனி, ஞாயிறு, லீவு நாள் பூரா. அவங்க ஊர்ல விடியறப்போ நான் அணைச்சுட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிட்டிருக்கேன். அக்கா ரூம் காலியா கிடந்ததுக்கு நான் காரணமா? கடவுளே, என்கிட்டயே அவ புலம்பிட்டிருந்தா.

ஜூன் 18

யாரிடமும் சொல்லாமல் ஒரு ஒயர் மாற்றச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது — இப்படி ஒரு யோசனை. பகல் முழுக்க இருந்தது.

மாலையில் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்தேன். "மேடம், உள்ள ஏதோ லைட் எரியுது," என்றார் காவலாளி.

"எரியட்டும்ண்ணே."

ஜூன் 19, வெள்ளி

ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பம் வந்தால் அதிகம் என்றிருந்த இடத்தில் காலையில் வந்து பார்க்கிறேன் — முந்நூற்றுப் பதினேழு.

முந்நூற்றுப் பதினேழு பேர். இன்னொரு தடவை எண்ணினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், அழுகையும் வந்தது.

திரும்பி வந்தால் மேஜையில் ஓர் ஓலை. நேற்று மெயின் சுவிட்சை அணைக்காமல் போனதற்கு விளக்கம் கேட்டு, "பார்க்கலாம்" கையெழுத்துடன். பதினாறு வருஷ சர்வீசில் அவர் இவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 22, திங்கள்

விளக்கத்தைக் கூட்டத்திலேயே சொன்னேன். அருவிப் படத்துக்கு இசை தேர்வு செய்துகொண்டிருந்தார்கள். எழுந்து நின்றேன்.

"மூணு வருஷமா சாயங்காலம் அஞ்சரைக்கு இந்த நாட்டை மூடினது நான்தான் மேடம்."

ஒருவருக்கும் புரியவில்லை. பெட்டி, ஒயர், சுவிட்ச், நானூறு புகார், என் கையெழுத்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளியன்று வந்த எண்ணையும் சொன்னேன். யார் முதலில் என்மேல் பாயப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது "பார்க்கலாம்" தொண்டையைக் கனைத்தார். "விதியைப் போட்டது நான் மேடம். அவங்க அதைச் சரியா செஞ்சாங்க, அவ்வளவுதான்." அவரை இத்தனை நாள் கிண்டல் செய்ததற்கு வெட்கமாக இருந்தது.

இயக்குநர் அம்மா என்னையே பார்த்தார். "சிக்கனத்துக்கு உங்களுக்கு ஒரு சர்டிபிகேட் குடுத்தோமே. யார் கையெழுத்துப் போட்டது?"

"நீங்கதான் மேடம்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. "படத்தை அப்புறம் எடுக்கலாம். முதல்ல கதவைத் திறந்து வைங்க," என்று எழுந்து போனார்.

ஜூலை 1

எலக்ட்ரீஷியன் பெட்டிக்குத் தனி லைன் இழுத்துவிட்டார். மற்றதையெல்லாம் இன்றும் நான்தான் அணைத்தேன். சான்றிதழைக் கழற்றி டிராயருக்குள் போட்டுவிட்டேன்.

ஜூலை 28

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மூணு வருஷம்," என்றாள். "சரி விடு. வேணும்னா பண்ணின?" போனை வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 19, புதன்

எண்ணிக்கை ஏறிவிட்டது. ஜூலையில் மட்டும் போன வருஷ ஜூலையைப் போல இரண்டு மடங்கு. கொசுக்கடி என்று இன்று மட்டும் ஒன்பது புகார். இவ்வளவு சந்தோஷமாக நான் புகார் படித்ததே இல்லை. வந்தால்தானே கடிக்கும்? ஒன்பதையும் சுகாதாரத் துறைக்கு அனுப்பிவிட்டு விடாமல் போன் செய்துகொண்டிருக்கிறேன். டாக்சிக் கட்டணப் பலகை விமான நிலையத்தில் அடுத்த வாரம் ஏறுகிறது.

ஆனால் வருகிறவர்களெல்லாம் கடற்கரைக்குப் போகிறார்கள். அக்காவிடம் இன்னும் இரண்டு அறையில்தான் ஆள். உரக் கம்பெனிக்காரர்கள் டேப் வைத்து ஹாலை அளந்துவிட்டுப் போனார்களாம்.

செப்டம்பர் 2

இஞ்சினியர் பெண்ணின் தங்கை வந்துவிட்டாள், புருஷனோடு. அவர்கள் மலையேறுகிறவர்களாம். காலையில் மேலே போய் இருட்டுமுன் இறங்கி, அங்கிருந்தே ஊரிலுள்ள கூட்டாளிகளுக்கெல்லாம் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். படம் பார்த்து யார் வரப்போகிறார்கள் என்று மாமா கேட்டாராம்.

செப்டம்பர் 11

நாலு அறையில் ஆள்.

செப்டம்பர் 27, ஞாயிறு

மாதம் முடிய மூன்று நாள். மாமா என்ன முடிவெடுத்தாரோ என்று கேட்கவே பயந்து, லீவு போட்டு நேரில் போய்விடலாமென்று அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் வந்து இருக்கிறேன் என்றேன்.

"எந்தத் தேதி?" என்றாள். காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "இல்லடி. அக்டோபர் பத்து வரைக்கும் ரூம் இல்ல."

"நான் உன் தங்கச்சி."

"தங்கச்சின்னா? இவங்க முன்னாடியே சொல்லிட்டு வர்றாங்களே."

உரக் கம்பெனி என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டேன்.

"அவங்களா? நேத்து மேனேஜர் வந்தாரு. ரெண்டு நாள் தங்க ரூம் கேட்டாரு. ரூம் இல்லைன்னு மாமா அனுப்பிட்டார்."

பின்னால் மாமா யாரிடமோ வெந்நீருக்குக் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சைகையும் சத்தமுமாக விளக்கிக்கொண்டிருந்தார். பதினோராம் தேதிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னால் வந்தால் வாசலில்தான் உட்கார வேண்டும் என்றாள்.