பூச்சோங் பால்கனியில் குடுவைச் செடிகள்

நவம்பர் 9, ஞாயிறு

இன்று நண்பன் பிரகாஷ் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. பூச்சோங்கில் அவன் பால்கனி முழுக்கக் குடுவைச் செடிகள். என் ஆய்வுக்காக ஜெஞ்சாரோம் பக்கத்துச் சதுப்புக் காட்டில் நான் தேடிக் கண்டுபிடித்தவை. அந்த இடத்தை அவனுக்கு மட்டும்தான் காட்டினேன்.

"விக்கத்தான் லா. ஆன்லைன்ல நிறைய பேர் கேக்குறாங்க," என்றான். "நீ என்ன, காட்டுக்குக் காவலா? பாரு, உரம் போட்டு நல்ல மண்ணுல வச்சிருக்கேன்."

அந்தச் சதுப்பு மண்ணில் சத்தே இல்லை. தண்ணீர் கறுத்து, அமிலமாய்க் கிடக்கும். மற்ற செடிகள் அங்கே திணறும். இது மட்டும் குடுவையில் பூச்சியைப் பிடித்து உண்டு, தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டது. நல்ல மண் இதன் வேரைக் கருக்கிவிடும். அன்று அந்தக் காட்டில் நின்றபடி இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். அவன் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டான்.

"இலை ஓரமெல்லாம் ஏன் காயுது, மீனா?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன். சொன்னால் இவை பிழைக்கும். பிழைத்தால் விற்கும். விற்றால் மறுபடி அங்கே போவான்.

சற்றுமுன் ஒரு படம் அனுப்பினான். ஓரம் கருகிய செடியில் ஒரு சின்னக் குடுவை, மூடியைத் திறக்கத் தொடங்கியிருக்கிறது. கீழே, "என்ன செய்யணும், சொல்லு லா."

உரமண்ணைக் கொட்டிவிடு, மழைத்தண்ணீர் மட்டும் ஊற்று என்று தட்டினேன். அரை மணி நேரமாகிறது. இன்னும் அனுப்பவில்லை.